பன்னிரண்டில் பதினொன்று

என்ன வேலை பார்க்கிறேன் என்று ஊரில் உள்ளவர்கள் கேட்டால், "துளை போடுகிற வேலை" என்று சொல்லிவிடுவேன். குழாய்க்கிணறு அடிக்கிற வேலை என்று நினைத்துக்கொள்வார்கள். பெரிய பிழையில்லை. நிலத்தில் ஏழு எட்டு மீட்டர் ஆழத்துக்குத் துளை போடுகிறோம், பிளாஸ்டிக் குழாய் இறக்குகிறோம், அதற்குள் காந்தமானியை, மண்ணுக்குள் கிடக்கும் இரும்பைக் காட்டும் கருவியை, விட்டு மெதுவாக மேலே இழுக்கிறோம். தேடுவதுதான் தண்ணீர் இல்லை. இரண்டாம் உலகப் போரில் மேலிருந்து விழுந்து வெடிக்காமல் போன குண்டு.

ஜேர்மனியின் இந்த மேற்குப் பக்கத்தில் பாலம் கட்டுவதென்றாலும் தண்டவாள ஓரத்தில் கேபிள் தாழ்ப்பதென்றாலும், அந்த நிலத்தின் போர்க்கால வான்படங்களை முதலில் பார்ப்பார்கள். அது அரசு அலுவலகத்தின் வேலை. சந்தேகமான இடத்தில் ஒரு புள்ளி குத்தி அனுப்புவார்கள். எங்கள் கம்பனி அந்தப் புள்ளிக்குப் போகும். புள்ளியின் மேல் ஒரு துளை, அதைச் சுற்றி 6, அதற்கு வெளியே 12, அதற்கும் வெளியே 18. மொத்தம் 37. ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒன்றரை மீட்டர். குண்டு நேராகக் கீழே போகாது, மண்ணுக்குள் வளைந்து ஓடும், அதனால்தான் இவ்வளவு அகலம். துளைகருவியை இடித்து இறக்கக் கூடாது, சுழற்றித்தான் இறக்க வேண்டும். ஏன் என்று முதல் நாள் கேட்டேன். வண்டி ஓட்டும் போலந்துக்காரர் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். பதில் சொல்லவில்லை.

படம் பார்ப்பது என் வேலை இல்லை என்றாலும் எனக்கு அதில் ஒரு பைத்தியம். எங்கள் அலுவலகத்தில் ஓய்வு பெறும் வயதில் ஒருவர் இருந்தார். மதிய இடைவேளையில் அவர்தான் பழக்கிவிட்டார். அடுத்தடுத்து எடுத்த இரண்டு படங்களைப் பக்கத்தில் வைத்து, இரண்டு கண்ணாடி பொருத்திய சின்ன ஸ்டாண்டினூடாகப் பார்த்தால் நிலம் எழும்பி நிற்கும். வீடுகள் உயரும், குழிகள் இறங்கும். குண்டு போட்ட மறுநாளோ அதற்கடுத்த நாளோ, ஆயுதம் எதுவும் இல்லாத வேக விமானங்கள் வந்து எடுத்த படங்கள் அவை. அன்று அவற்றை இங்கிலாந்தில் மெட்மன்ஹாம் என்ற இடத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் இருந்து ஆராய்ந்தார்கள். பெண்கள் கனபேர். எது உடைந்தது, எது தப்பியது, திரும்பப் போக வேண்டுமா என்பது அவர்களுடைய கேள்வி. எது வெடிக்கவில்லை என்பது எங்களுடையது. அதே படந்தான்.

அவர் முதலில் காட்டியது ஹம் நகரத்து ஷண்டிங் யார்டின், ரயில்களைப் பிரித்துக் கோர்க்கும் இடத்தின், ஓரம். "எண்ணு" என்றார். ஒரு வரிசையில் குழிகள், ஏறக்குறைய ஒரே இடைவெளியில். பதினொன்று எண்ணினேன். "ஒரு விமானம் 500 இறாத்தல் குண்டு பன்னிரண்டு கொண்டு வந்திருக்கும். மற்றது எங்கே?" என்றார். வரிசையில் ஏழாவதுக்கும் எட்டாவதுக்கும் இடையில் இடைவெளி இரண்டு மடங்காக இருந்தது. விழுந்த பல்லின் இடம் மாதிரி. அங்கே உருப்பெருக்கியை வைத்துத் தேடினால், ஒரு கரும்புள்ளி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். வெடிக்காத குண்டு மண்ணுக்குள் நுழைந்த ஓட்டை அரை மீட்டர் அகலம் வரும். பத்தாயிரத்தில் ஒன்றாகச் சுருக்கிய படத்தில் அது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. படச்சுருளில் ஒட்டிய தூசும் அதே அளவுதான்.

எல்லா இடத்திலும் இப்படி எண்ண முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்கக் கனரகக் குண்டுவீச்சு விமானங்கள், அந்த நான்கு எஞ்சின் பி-17களும் பி-24களும், தனித்தனியாகக் குறிபார்த்துப் போட்டவை அல்ல. முன்னால் போகும் தலைமை விமானம் போடும்போது பின்னால் வரும் எல்லோரும் போட்டுவிடுவார்கள். கூட்டம் வானத்தில் எவ்வளவு அகலமோ குண்டு விழும் பரப்பும் ஏறக்குறைய அவ்வளவு அகலம். நடுவில் குழிமேல் குழி. ஓரத்தில் தனியாகப் பறந்தவரின் வரிசை மட்டுமே இன்று வாசிக்கக் கூடியதாக இருக்கிறது.

ஹம் ஏன் என்று கேட்டால், வரைபடத்தைப் பார்த்தாலே போதும். ரூர் பகுதியின் நிலக்கரியும் உருக்கும் கிழக்கே போகும் வாசல் அது. ஐரோப்பாவின் மிகப் பெரிய ஷண்டிங் யார்டுகளில் ஒன்று. வந்த ரயிலைப் பிரித்து, வண்டிகளை ஒரு மேட்டில் தள்ளி ஏற்றி, மறுபக்கம் தாமாக உருண்டு இறங்க விட்டு, பாதை மாற்றிப் புதிய ரயிலாகக் கோர்க்கும் இடம். மேட்டையும் சிக்னல் கட்டடத்தையும் எஞ்சின் கொட்டகையையும் உடைத்தால் நாட்டின் ரயில்கள் கலங்கும் என்று கணக்குப் போட்டார்கள். 1943 மார்ச் 4 அன்று அமெரிக்கரின் நான்கு குண்டுவீச்சு விமானக் குழுக்கள் ஹம்முக்குக் கிளம்பின. வானிலையால் மற்றவை விலகிவிட 91ஆவது குழு மட்டும் தனியாக வந்து சேர்ந்தது. யார்டின் மேல் வந்த 16 விமானங்களில் 4 வீடு திரும்பவில்லை. ஒவ்வொன்றிலும் பத்துப் பேர்.

இன்னொரு நாள், 1944 ஏப்ரல் 22. இந்தத் தாக்குதலை என் பழைய சகா கதை மாதிரிச் சொல்லுவார். கிளம்பவே பின்நேரம் ஆகிவிட்டது. ஹம்மின் மேல் குண்டு போட்டது மாலையில். பி-24கள் இங்கிலாந்துக் கரையை அடையும்போது இருட்டிவிட்டது. பகலில் பறக்கப் பழகியவர்கள், இருட்டில் மோதாமலிருக்க விளக்குகளைப் போட்டுக்கொண்டு இறங்க வந்தார்கள். அவர்களுக்குப் பின்னாலேயே ஜேர்மன் மெஸ்ஸர்ஷ்மிட் 410 போர் விமானங்கள் கடலைக் கடந்து வந்திருந்தன. சொந்த ஓடுபாதையைக் கண்ணால் கண்ட பிறகு சுடப்பட்டு விழுந்தவர்கள் உண்டு. அந்த இரவில் பத்துக்கு மேல் பி-24கள் அழிந்தன. தாக்கப் போனது ரயில் யார்டை, தாக்கப்பட்டது தங்கள் விமானத்தளத்தில்.

25 பறப்பு முடித்தால் வீட்டுக்குப் போகலாம் என்று தொடங்கியதை 1944இல் 30 ஆக்கினார்கள், பிறகு 35. ஏழு கிலோமீட்டர் உயரத்தில் உறைநிலைக்கு 40 பாகை கீழே, மின்சாரத்தால் சூடாகும் உடுப்போடு, ஒக்சிசன் முகமூடியோடு, குண்டு போடுவதற்கு முந்திய சில நிமிடங்கள் வளையாமல் நெளியாமல் நேராகப் பறந்தே ஆக வேண்டும். கீழேயிருந்து சுடுபவனுக்கும் அது தெரியும். குளிர்காலத்தில் யார்டில் நின்று கை விறைக்கும்போது அவர்களை நினைப்பேன். கீழே இருந்தவர்களையும் நினைப்பேன். இரண்டையும் ஒரே மூச்சில் நினைக்க எனக்கு முடிகிறது என்றால் அதற்குக் காரணம் உண்டு.

யாழ்ப்பாணத்தில் சின்ன வயதில் பொம்மர் வரும் சத்தம் கேட்டால் பங்கருக்குள் ஓடுவோம். உள்ளே இருந்து அம்மம்மா எண்ணுவா. விசில் சத்தம் எத்தனை, வெடிச்சத்தம் எத்தனை. இரண்டும் ஒத்து வராவிட்டால், "ஒண்டு கிடக்குது, வெளிய போகாதேங்கோ" என்பா. ஒருமுறை பக்கத்துப் பனங்காணியில் உண்மையாகவே ஒன்று கிடந்தது. பெரியவர்கள் தடி நட்டு, சிவப்புத் துணி கட்டிவிட்டார்கள். ஆடு மேய்க்கிறவர்கள் சுற்றிப் போனார்கள். வேறென்ன செய்வது? வான்படமும் காந்தமானியும் இல்லாமல் அம்மம்மா செய்த வேலைதான் இன்று எனக்குச் சம்பளம் தருகிறது.

சரி, யார்டுக்கு வருவோம். ரயில் நிலத்தில் துளை போடுவதைப் போல எரிச்சலான வேலை இல்லை. காந்தமானிக்கு இரும்பு என்றால் எல்லாம் ஒன்றுதான். அன்றைக்குக் குழிகளை நிரப்பியவர்கள் கைக்குக் கிடைத்ததையெல்லாம் போட்டு மூடினார்கள்: முறுக்கிப்போன தண்டவாளம், வண்டிச் சில்லு, உடைந்த செங்கல், கொல்லுலைக் கசடு. நிரப்பியவர்களில் பலர் தாமாக வந்தவர்கள் இல்லை. பிடித்துக் கொண்டுவரப்பட்ட கிழக்கு ஐரோப்பியர்கள், போர்க்கைதிகள். வதைமுகாம் கைதிகளை ரயில் பெட்டிகளிலேயே தங்கவைத்து, உடைந்த பாதைகளுக்குக் கொண்டுபோகும் படைப்பிரிவுகள்கூட இருந்தன. வெடிக்காத குண்டைத் தோண்டி எடுக்கவும் கைதிகளையே விட்டார்கள். நான் காப்புச் சப்பாத்து போட்டு, காப்புறுதியோடு, மணிக்கணக்குக்குக் கூலி வாங்கிச் செய்யும் வேலையை அவர்கள் துப்பாக்கி முனையில் செய்தார்கள். ஒரு தடவை மூன்று நாள் பாடுபட்டுத் தோண்டியதில் வந்தது ஒரு நிலக்கரி அடுப்பு. முதலாளிக்குக் கோபம். எனக்கு அந்த அடுப்பை வீட்டுக்குக் கொண்டுபோக ஆசை.

படங்களைத் தொடர்ந்து பார்த்தால் இன்னொன்றும் தெரியும். யார்டின் நடுவே போகும் நேர்ப்பாதை அனேகமாக ஓரிரு நாளில் ஓடத் தொடங்கிவிடும். 1944 வசந்தத்தில் நோர்மண்டித் தரையிறக்கத்துக்கு முன் இதே வாதந்தான் லண்டனில் நடந்தது. பிரித்தானிய விமானப்படைத் தளபதி டெடரும் விஞ்ஞானி சக்கர்மனும் ரயிலை அடிக்கச் சொன்னார்கள், அமெரிக்க விமானப்படைத் தளபதி ஸ்பாட்ஸ் எண்ணெயை அடிக்கச் சொன்னார். தலைமைத் தளபதி ஐசன்ஹோவர் ரயிலைத் தேர்ந்தார். பிரெஞ்சு மக்கள் சாவார்களே என்று சர்ச்சில் கடைசிவரை முணுமுணுத்தார். அவர் பயந்தது நடந்தது. பாரிஸுக்குப் பக்கத்து நுவாசி-லு-செக்கில் ஏப்ரல் 18 இரவு பிரித்தானிய விமானங்கள் யார்டை அடித்தபோது ஊர்மக்கள் 464 பேர் இறந்தார்கள். ஒரு யார்டை ஒரு இரவில் சாகடிக்க முடியாது என்றுதான் படங்களைப் பார்த்து நான் நினைக்கிறேன். திரும்பத் திரும்ப அடித்து, திருத்துகிறவனைக் களைக்க வைத்துத்தான் நிறுத்தினார்கள். 1944 முடியும்போது ரூரின் நிலக்கரி சுரங்க வாயிலில் மலையாகக் குவிந்து கிடந்தது. ஏற்றிப்போக வழியில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு அந்தக் காலத்து அறிக்கைகளின்மேல் நம்பிக்கை இல்லை. முகில் மூடிய நாட்களில் ரேடாரை நம்பிப் போட்டுவிட்டு இலக்கு "ஷண்டிங் யார்ட்" என்று எழுதுவார்கள். ஏற்றிப்போன சுமையைப் பார்த்தால் அதில் எரிகுண்டும் இருக்கும். தண்டவாளம் எரியாது. யார்டைச் சுற்றியிருந்த வீடுகள் எரியும்.

விமானத்தளங்களில் வேலை வேறு மாதிரி. நான் இரண்டு பழைய தளங்களில்தான் வேலை செய்திருக்கிறேன், அதனால் அதிகம் சொல்லப்போவதில்லை. திறந்த வெளி, இரும்பு குறைவு, கருவி ஒழுங்காகப் பேசும். 1945 மார்ச் 24 அன்று நேச நாட்டுப் படைகள் ரைனைக் கடந்தபோது, ஜெட் விமானங்கள் எழும்பக் கூடாது என்று ரைனே, ஹொப்ஸ்டென், ஆக்மர் போன்ற தளங்களைக் கனரக விமானங்கள் உழுதுவிட்டன. உழுதது என்பது மிகையில்லை. அந்தப் படங்களைப் பார்த்தால் அம்மை போட்ட முகம். போலித் தளங்களும் இருந்தன: வெறும் வயலில் விளக்கு வைத்து, ஓடுபாதை மாதிரிக் காட்டி ஏமாற்றுவது. ஏமாந்து போட்ட குண்டுகள் இன்றும் எவனோ ஒரு உழவனின் பீற்றூட் வயலுக்குள் கிடக்கின்றன.

விழுந்தவற்றில் பத்தில் ஒன்றாவது வெடிக்கவில்லை என்பது எங்கள் தொழிலில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. எல்லாம் ஒரே சாதி இல்லை. மோதினால் வெடிக்கும் திரி உள்ளதை, அரசுக் குழுவினர் வந்து கழற்றி எடுத்துப் போய்விடுவார்கள். நாங்கள் பயப்படுவது நேரம் கடந்து வெடிக்க வைத்ததற்கு. உள்ளே ஒரு கண்ணாடிக் குப்பியில் அசிட்டோன். குப்பி உடைந்து, அசிட்டோன் செலுலாய்ட் வில்லையைக் கரைத்து, கரைந்ததும் ஊசி பாயும். மணிக்கணக்காக, சிலது நாட்கணக்காக எடுக்கும். திருத்த வருகிறவர்களைக் கொல்வதற்கென்றே செய்தது. குண்டு மண்ணுக்குள் வளைந்து மூக்கை மேலே தூக்கி நின்றுவிட்டால் அசிட்டோன் வில்லையில் படாமல் வழிந்துவிடும், வேலை பாதியில் நிற்கும். ஆனால் வில்லை வயதாகி நொய்ந்துகொண்டே இருக்கும். 2010 ஜூன் 1 அன்று கோட்டிங்கனில் அப்படி ஒன்று, செயலிழக்கச் செய்ய ஆயத்தம் நடந்துகொண்டிருந்தபோதே வெடித்து மூன்று பேர் இறந்தார்கள். அனுபவசாலிகள். அடுத்த வாரம் எங்கள் வண்டியில் யாரும் வானொலி போடவில்லை.

நாங்கள் ஒன்றைக் கண்டுபிடித்த ஒரு பின்நேரம், 250 மீட்டர் வட்டத்துக்குள் இருந்தவர்களை வெளியேற்றினார்கள். எனக்கு வேலை முடிந்துவிட்டது, ஆனாலும் நின்றேன். வெளியே வந்தவர்களில் கையில் பையும் மருந்துப் பெட்டியுமாக ஒரு தமிழ் அம்மா. என் முகத்தைக் கண்டதும் நேரே வந்தா.

"தம்பி, இஞ்சயும் பொம்மர் போட்டவனோ?"

"ஓம் அம்மா."

"எப்ப?"

"உங்கட அம்மா சின்னப்பிள்ளையா இருக்கேக்க."

கொஞ்ச நேரம் யோசித்தா. "அப்ப அவங்களும் பங்கருக்க இருந்தவையோ?"

எதிர்ப்பக்கத்தில், ஜன்னலே இல்லாத ஐந்தாறு மாடிக் கொங்கிரீட் கட்டடம் ஒன்று நின்றது. போர்க்காலத்தில் சனம் ஒதுங்கியிருந்த உயர் பங்கர். அதைக் காட்டினேன். "நான் இவ்வளவு நாளும் இது ஏதோ சாமான் வைக்கிற கட்டடம் எண்டு நினைச்சன்" என்று சொல்லிவிட்டு, பையைத் திறந்து எனக்கு ஒரு வாழைப்பழம் தந்தா. ஒன்பது மணிக்குத் திரியைக் கழற்றியாயிற்று என்று அறிவித்தார்கள். அவ வீட்டுக்குப் போய்விட்டா.

அந்தப் பன்னிரண்டாவது குண்டுக்கும் ஒருநாள் போனோம். என் சகா ஓய்வு பெற்று இரண்டு வருடத்துக்குப் பிறகு. 37 துளையும் போட்டோம். ஒன்றும் இல்லை. இன்னும் சில துளைகள் போட்டோம், அப்போதும் இல்லை. போலந்துக்காரர் சொன்னார், கொக்கியில் சிக்கி விழாமலே போயிருக்கும், திரும்பும் வழியில் கடலில் தள்ளியிருப்பார்கள் என்று. அப்படி நடப்பதுண்டு. பதினொன்றோடு வந்த விமானமாகவும் இருக்கலாம். சந்தேகம் நீங்கியது என்று படிவத்தில் எழுதினோம், கையெழுத்து வைத்தோம், குழாய்களை இழுத்து எடுத்துத் துளைகளை மூடினோம்.

காமாட்சி அம்பாள் தேருக்கு வருடா வருடம் டோர்ட்முண்டிலிருந்து ரயிலில் ஹம்முக்குப் போவோம். நிலையம் நெருங்க, யார்ட் பக்கத்தில் விரியும். பாதித் தண்டவாளங்களில் இப்போது புல். பட்டுச்சேலை, பூமாலை, பிள்ளைகளின் சத்தம் என்று பெட்டி நிறைந்திருக்கும். அந்த இடம் வரும்போது நான் ஜன்னலுக்குத் திரும்பிவிடுவேன். ஏழு கடக்கும், கொஞ்சம் பொறுத்து எட்டு. என்னத்தைப் பார்க்கிறீர்கள் என்று மனைவி இப்போதெல்லாம் கேட்பதில்லை.