கேட்காமல் போடும் லீவு

எங்கள் பராமரிப்புப் பிரிவில் யார் எந்தத் தலைமுறை என்பது தைப்பூசம் நெருங்கும்போது தெரிந்துவிடும். சிங்கப்பூரில் 1968-லேயே தைப்பூசம் பொது விடுமுறைப் பட்டியலிலிருந்து போய்விட்டது, இந்துக்களுக்குத் தீபாவளி மட்டும் மிஞ்சியது. அதனால் காவடி எடுப்பவர் சொந்த லீவைத்தான் போட வேண்டும்.

அறுபதை நெருங்கும் அண்ணன் ஒருவர், ஒரு மாதம் முன்பே சூப்பர்வைசர் மேசைக்கு முன்னால் போய் நிற்பார். "சார், வேண்டுதல் இருக்கு. ஒரே நாள்தான். முந்தின நாள் நைட் ஷிப்ட்டையும் நானே பார்த்துடறேன்." இருபதுகளில் இருக்கும் தம்பியோ கைப்பேசியில் இரண்டு நாள் போட்டு, காரணம் கேட்கும் இடத்தில் 'சொந்த வேலை' என்று தட்டிவிட்டு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போய்விடுவான். பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை இருவரும் நடப்பது ஒரே ஊர்வலத்தில்தான்.

"கேட்கலையே, சொல்லிட்டுல்ல போறான்" என்பது அண்ணனின் ஆதங்கம்.

நான் தம்பி பக்கம். வேலை நியமனச் சட்டப்படி முதல் ஆண்டில் 7 நாள், பிறகு ஆண்டுக்கு ஒரு நாள் கூடி, எட்டாம் ஆண்டிலிருந்து 14 நாள் சம்பளத்தோடு லீவு உண்டு. உழைத்துச் சம்பாதித்ததைக் கெஞ்சி வாங்குவானேன்?

ஆனால் அண்ணனின் பயம் சும்மா வந்ததில்லை. அவர் ஊரிலிருந்து வேலை பர்மிட்டில் வந்தவர். முதலாளி பர்மிட்டை ரத்து செய்தால் ஊருக்குப் போக வேண்டியதுதான், ஏஜெண்டுக்காக வாங்கிய கடன் அங்கே காத்திருக்கும். டாக்டர் கொடுத்த எம்.சி.யை, அதாவது மருத்துவ விடுப்புச் சீட்டை, மடித்து பர்ஸில் வைத்துக்கொண்டு, காய்ச்சலோடு வேலைக்கு வந்த நாட்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். நிரந்தரவாசம் கிடைத்து எத்தனையோ வருஷம் ஆகியும் அந்தப் பயம் உடம்பை விட்டுப் போகவில்லை.

போன வருஷம் அவர் மனைவிக்கு டயாலிசிஸ் தொடங்கியது. வாரத்தில் மூன்று காலை அவர் கூடப் போயாக வேண்டும். நீக்குப்போக்கான வேலை ஏற்பாடு கேட்டு எழுதிக் கொடுத்தால் முதலாளி 2 மாதத்துக்குள் எழுத்திலேயே பதில் தர வேண்டும் என்ற வழிகாட்டி 2024 டிசம்பரில் நடப்புக்கு வந்தது. அதைச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பிக் கொடுத்தவன் அந்தத் தம்பிதான். அனுமதியும் கிடைத்தது.

தம்பிமாரிடம் எனக்கும் ஒரு குறை உண்டு. லீவில் போகுமுன் எந்த பம்ப் கழற்றிக் கிடக்கிறது, எந்த வால்வு மூடியிருக்கிறது என்று லாக் புக்கில் எழுத மாட்டேன் என்கிறார்கள். அண்ணன் இல்லாத நாளில் நாங்கள் எதையும் தேடி அலைந்ததில்லை.