எட்டு முழ வேட்டியும் ரெண்டேகால் லட்ச ரூபாய்ப் பெட்டியும்

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டு ஹோம் தியேட்டர் துணி காயும் ரூமாக மாறிவிடும். மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் பத்துக்குப் பதினாறு அடியில் கட்டிய ரூம் அது. 120 இன்ச் திரை, செகண்ட் ஹேண்டில் வாங்கிய 4கே ப்ரொஜெக்டர், அஞ்சு ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர், அப்புறம் சுவருக்குச் சுவர் அம்மா கட்டிய ரெண்டு நைலான் கொடி. சென்னை மழையில் வேறெங்கே காயப்போடுவது என்று கேட்டால் என்னிடம் பதில் கிடையாது. அதனால் சப்வூஃபர் அதிரும்போது கூடவே நாலு டவலும் அதிரும்.

எனக்கு இருந்த ஒரே குறை, வெளிச்சத்தையும் இருட்டையும் அதிகமாக விரித்துக் காட்டும் ஹெச்டிஆர் படம் போட்டால் இருட்டடிக்கிறது என்பதுதான். ராத்திரி சீன் வந்தாலே அப்பா திரும்பிப் பார்த்து, "ஏண்டா, இது கதையிலயே இருட்டா, இல்ல பல்பு போச்சா?" என்பார். டைரக்டரே அப்படித்தான் எடுத்திருக்கிறார் என்று ரெண்டு வருஷம் சமாளித்தேன். ஆனால் உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. ராத்திரி பன்னெண்டு மணிக்கு மேல் போனில் மேய்ந்ததில், இந்த வியாதிக்கு மருந்து ப்ரொஜெக்டருக்கு முன்னால் தனியாக மாட்டும் வீடியோ ப்ராசசர்தான் என்று முடிவுக்கு வந்தேன். லூமாஜென் என்று ஒன்று, மேட்விஆர் என்வி என்று ஒன்று. மேட்விஆர் முதலில் விண்டோஸ் கம்ப்யூட்டரில் இலவசமாக ஓடிய மென்பொருள், அப்புறம்தான் பெட்டிக்குள் புகுந்தது. பெட்டிக்குள் புகுந்ததும் விலை லட்சங்களில் ஏறிவிட்டது. கஸ்டம்ஸ் தனி.

அந்தப் பெட்டி அப்படி என்னதான் செய்கிறது என்று மனைவி கேட்டபோது பந்தியை வைத்துத்தான் புரியவைத்தேன். திரை வெளிச்சத்தை அளக்கும் கணக்கு நிட்ஸ். ஹெச்டிஆர் படத்தை 1000 நிட்ஸ் வெளிச்சத்துக்கோ, சிலதை 4000 நிட்ஸுக்கோ கணக்கு வைத்துத் தயாரிக்கிறார்கள். நல்ல தியேட்டரில் சாதாரணப் படத்துக்கு வைத்திருக்கும் அளவே 48 நிட்ஸ்தான், வீட்டு ப்ரொஜெக்டர் நூறைத் தொட்டாலே பெரிய விஷயம். ஆயிரம் பேருக்கு ஆக்கிய சாப்பாட்டை நூறு இலையில் பரிமாறுகிற நிலைமை. சாதாரண ப்ரொஜெக்டர் படம் முழுக்க ஒரே கரண்டியால் அளந்து ஊற்றும், பாதி பேருக்கு ரசமே வராது. இந்த ப்ராசசர் ஒவ்வொரு சீனையும் பார்த்து, இங்கே யாருக்கு எவ்வளவு என்று உடனுக்குடன் கரண்டியை மாற்றும். டைனமிக் டோன் மேப்பிங் என்பது அதுதான். எல்லாம் கேட்டுவிட்டு அவள், "சரிங்க, பந்திக்கு மொய் எவ்வளவு?" என்றாள். நான் பேச்சை மாற்றினேன்.

அண்ணா நகரில் இருக்கும் நண்பன் புது மாடலுக்கு மாறுகிறான், பழைய லூமாஜென்னை ரெண்டேகால் லட்சத்துக்குத் தருவதாகச் சொன்னான். ஒரு நாள் மாட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய், மச்சி என்று ஞாயிற்றுக்கிழமை மதியம் மழையோடு மழையாக, பெட்டியைக் கைக்குழந்தை மாதிரி பிளாஸ்டிக் கவரில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்து நின்றான். கறுப்பாக, தட்டையாக, பார்த்தால் பழைய டிவிடி ப்ளேயர் மாதிரிதான் இருந்தது. ஸ்பீக்கர்களை ஓட்டும் ரிசீவருக்கும் ப்ரொஜெக்டருக்கும் நடுவில் அதை மாட்டினோம். எச்டிஎம்ஐ கேபிளில் ஒரு பொருளும் இன்னொரு பொருளும் நீ யார், நான் யார் என்று விசாரித்துக்கொள்ளும் வரை திரை கறுப்பாகவே இருக்கும். நாங்கள் செட்டிங்கை மாற்ற மாற்ற படம் அஞ்சு செகண்ட் போகும், வரும். மூன்றாவது தடவை போனபோது கீழேயிருந்து அம்மா, "மெயின் ட்ரிப் ஆயிருச்சா?" என்று குரல் கொடுத்தாள்.

பெட்டிக்கு நம் திரையின் வெளிச்சம் எவ்வளவு என்று சொன்னால்தான் அது கணக்குப் போடும் என்பதால் நண்பன் மீட்டரை எடுத்து அளந்தான். 1500 லூமென்ஸ் வெளிச்சம் தரும் ப்ரொஜெக்டர், 120 இன்ச் திரை, பேப்பரில் போட்டால் 120 நிட்ஸ் வர வேண்டும். வந்தது 52.

"லேம்ப் எந்த மோட்ல இருக்கு?"

லேம்ப் சீக்கிரம் போகக் கூடாது என்று வாங்கிய அன்றே நான்தான் லோ மோடில் போட்டேன், போட்டதை மறந்தும்விட்டேன். ஹையில் போட்டதும் 74க்கு ஏறியது. அதற்கு ஆன செலவு ரிமோட்டில் மூன்று அமுக்கு. நண்பன் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்து அவன் தன் பிரம்மாஸ்திரமான ஒரு இருட்டு சீனைப் போட்டான். நடுராத்திரி, ஒரே ஒரு விளக்கு, சுற்றிலும் கும்மிருட்டு இருக்க வேண்டிய இடம். எங்கள் வீட்டில் அது கும்மிருட்டாக இல்லாமல் சாம்பலாக, ஈர சிமெண்ட் கலரில் இருந்தது. "எங்க வீட்டுல மை மாதிரி இருக்கும்டா" என்று சொல்லிவிட்டு மெனுவுக்குள் இறங்கினான். காமா என்றான், பிளாக் லெவல் என்றான், அரை மணி நேரம் போயிருக்கும். அந்த நேரம் பார்த்து அம்மா துணி காய்ந்ததா என்று பார்க்க மேலே வந்து, திரைக்கு மூன்றடி முன்னால், படத்தை மறைக்காமல் ஓரமாகக் கொடியில் கிடந்த அப்பாவின் எட்டு முழ வேட்டி இரண்டையும் ஒரு பெட்ஷீட்டையும் உருவித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"இப்பப் பாரு! காமா வேலை செஞ்சிருச்சு பாத்தியா?" என்று நண்பன் துள்ளினான். உண்மையிலேயே கறுப்பு கறுப்பாகிவிட்டது.

அம்மா வேட்டியைத் தடவிப் பார்த்து, "இன்னும் ஈரம் போகலப்பா" என்று திரும்பவும் விரித்துப் போட்டாள். திரை திரும்பவும் சிமெண்ட் ஆனது. நண்பன் ரிமோட்டைப் பார்த்தான், நான் வேட்டியைப் பார்த்தேன், கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. விளக்கு வெளிச்சம் திரையில் பட்டு, வேட்டியில் பட்டு, திரும்ப இருட்டான இடத்திலேயே போய் விழுகிறது. வேட்டியை ஒழித்தாலும் தலைக்கு மேல் பளீரென்று வெள்ளை சீலிங் இருக்கிறது, அதுவும் ஒரு பெரிய வேட்டிதான். எந்தக் கம்பெனிப் பெட்டியானாலும் கம்பியில் வருகிற படத்தைத்தான் திருத்தும், கொடியில் தொங்குவதைத் திருத்தாது.

பெட்டியையும் குறை சொல்ல மனசு வரவில்லை. துணியையெல்லாம் கீழே இறக்கிவிட்டு மறுபடி பார்த்தோம். வெயில் சீனில் வெள்ளையாக வெந்துபோயிருந்த வானத்தில் மேகம் தெரிந்தது, வெள்ளைச் சட்டையில் மடிப்பு தெரிந்தது, இருட்டில் நிற்கிறவனின் முகமும் தெரிந்தது. புது ப்ரொஜெக்டர் சிலவற்றில் இந்த வேலையை உள்ளேயே செய்துகொள்கிறார்கள், என்னுடையது பழசு, அதற்கு அந்தப் பாக்கியம் இல்லை. அதனால் ஆசை இன்னும் கூடியதே தவிரக் குறையவில்லை.

சாயங்காலம் அப்பா மேலே வந்தார். அவருக்கு ஹெச்டிஆராவது ஒன்றாவது, அவருடைய பழைய கறுப்பு வெள்ளைப் படத்து டிவிடியைப் போடச் சொன்னார். 720க்கு 480 புள்ளி, அதாவது மூன்றரை லட்சம் புள்ளியை 83 லட்சம் புள்ளித் திரைக்கு இழுக்க வேண்டும். அதுவும் ஒற்றை வரி ஒரு தவணை, இரட்டை வரி ஒரு தவணை என்று பிரித்து எழுதிய டிவிடி, அதைச் சரியாகச் சேர்க்காவிட்டால் ஏதாவது நகரும்போதெல்லாம் ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி தெரியும். இந்த மாதிரி பெட்டிகளுக்கு ஆதித் தொழிலே இந்த ஒட்டுவேலைதான். அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பத்து நிமிஷம் பார்த்தார்.

"டைட்டில்ல பேரெல்லாம் நல்லா படிக்க முடியுதுடா. வீணை வாசிச்சது யாருன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்."

நண்பன் என்னைப் பார்த்து வெற்றிச் சிரிப்பு சிரித்தான். நானும் இதுதான் சமயம் என்று விலையைச் சொன்னேன்.

"ரெண்டேகால் லட்சமா? டைட்டில் படிக்கவா?" அப்பா கண்ணாடியைக் கழற்றினார். "விடுடா, நான் டைட்டில் முடிஞ்சப்புறமே வந்து உக்காந்துக்கறேன்."

பெட்டி மறுபடி பிளாஸ்டிக் கவருக்குள் போய் அண்ணா நகர் திரும்பியது. நான் பெயின்டரைக் கூப்பிட்டேன். திரைக்கு மேலே ஆறடிக்கு சீலிங்கும் ரெண்டு பக்கச் சுவரும், பளபளப்பே இல்லாத மேட் கறுப்பு என்றேன். வீட்டுக்குள்ளே கறுப்பா, அதுவும் தலைக்கு மேலயா என்று அம்மா அன்றைக்குக் காபியே குடிக்கவில்லை. பேசிப் பேசி இருண்ட அரக்கில் வந்து நின்றோம், பட்டுப்புடவை கலர் என்பதால் அம்மாவுக்கும் மறுக்க முடியவில்லை. பெயின்டர், "சார், சீலிங்குக்கு இந்த கலரை நான் அடிச்சதே இல்ல. அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது" என்று மூன்று தடவை சொல்லிவிட்டுத்தான் பிரஷ்ஷைத் தொட்டார். எல்லாம் சேர்த்து ஆறாயிரத்துச் சொச்சம். இருட்டு சீனில் இப்போது இருட்டு இருக்கிறது. மேகம் மட்டும் இல்லை, அதைக் கேட்டால் நண்பன் இன்னும் தருவதாகத்தான் சொல்கிறான்.

கொடியை மட்டும் கழற்ற முடியவில்லை. அம்மா ஒரு சட்டம் போட்டாள்: வெள்ளைத் துணி கீழே, கலர் துணி மேலே. ஆனால் வெள்ளை வேட்டியோடு வெள்ளை பனியனோடு முன்வரிசையில் வந்து உட்காரும் அப்பாவுக்கு அந்தச் சட்டம் செல்லாது. கார்த்திகை ஒண்ணாம் தேதி எதிர்வீட்டு மாமா மலைக்கு மாலை போட்டுக்கொண்டு கறுப்பு வேட்டி, கறுப்புத் துண்டு சகிதம் வீட்டுக்கு வந்தார். இந்த ரூமுக்கென்றே தைத்த மாதிரி இருந்தது. வாங்க மாமா, முன்வரிசை உங்களுக்குத்தான், ஒரு படம் பார்த்துட்டுப் போங்க என்றேன்.

விரதத்தில் சினிமா பார்ப்பதில்லையாம்.