முதல் நான்கு பவளத் துண்டுகள்

எங்கள் வீட்டுக் கடல்நீர்த் தொட்டிக்குள் முதல் பவளம் இறங்கியபோது, தண்ணீர் நிரப்பிப் பதினோரு வாரம் ஆகியிருந்தது. சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடி வீடு. கூடத்தின் ஓரத்தில் 120 லிட்டர் தொட்டி. அதில் இரண்டு கோமாளி மீன்களும் சில நத்தைகளும். வாரக் கடைசி வந்தால் பவளக் கடைக்குப் போவேன், ஒரு மணி நேரம் நின்று பார்ப்பேன், வெறுங்கையோடு திரும்புவேன். மனைவிக்கே பொறுமை போய்விட்டது. "வாங்குவதானால் வாங்கிவிடுங்கள்" என்றாள்.

வாங்காததற்கு ஒரு காரணம் தண்ணீர். இங்கே குழாய்த் தண்ணீரில் கிருமிகளைக் கொல்லச் சேர்க்கும் குளோரமின் கலந்திருக்கிறது. குளோரினைப் போல ஓர் இரவு திறந்து வைத்தால் போய்விடாது. கரி வடிகட்டி, ஆர்.ஓ. என்ற சவ்வு வடிகட்டி, அதன்பின் அயனி நீக்கும் பிசின் என்று மூன்றையும் தாண்டி, கரைந்த பொருட்களை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் பூஜ்யம் காட்டிய தண்ணீரில்தான் கடல் உப்பைக் கலந்தேன். ஆயிரத்துக்கு 35 பங்கு. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா கல்லில் குடியேற ஐந்து வாரம் பிடித்தது. வெப்பம் இன்னொரு தொல்லை. பகலில் தொட்டி 30 டிகிரியைத் தாண்டிவிடும். மின்விசிறி வைத்துப் பார்த்தேன். தண்ணீர் ஆவியாகி உப்பின் அளவு ஏறியது. கடைசியில் குளிர்விப்பான் வாங்கி 26 டிகிரியில் நிறுத்தினேன்.

இன்னொரு காரணம் ஊர்.

நான் தூத்துக்குடிக்காரன். மன்னார் வளைகுடாவில் பவளப்பாறைகளை வெட்டிக் கரைக்குக் கொண்டுவந்த காலத்தை அம்மா கண்டிருக்கிறார். கட்டடத்துக்கும் சுண்ணாம்புக்கும் அவை போயின. அங்கிருந்த 21 தீவுகளில் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி இரண்டும் கடலுக்குள் மூழ்கியதற்கு, பாறையை வெட்டியெடுத்ததையே காரணமாகச் சொல்கிறார்கள். 1986-இல் அந்தப் பகுதி கடல்சார் தேசியப் பூங்கா ஆனது. 2001-இல் பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்கு வந்தன. அங்கே இப்படியொரு தொட்டி வைக்க நினைக்கவே முடியாது. அது சரி என்றே நினைக்கிறேன். சிங்கப்பூரில் கடையில் கிடைக்கிறது என்பதற்காக, எங்கோ ஒரு பாறையிலிருந்து உளியால் பெயர்த்ததைக் கொண்டுவந்து கூடத்தில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. தொட்டியில் வளர்ந்த தாய்ப் பவளத்திலிருந்து வெட்டி ஒட்டிய துண்டு மட்டும்தான் என்று முடிவு செய்திருந்தேன். ஆனால் கேட்டால் எல்லாக் கடையிலும் "வளர்த்ததுதான்" என்பார்கள். எப்படித் தெரிந்துகொள்வது?

அதைக் கற்றுத்தந்தவர் கடையில் பழக்கமான ஓர் அண்ணன். இருபது வருடமாகப் பவளம் வளர்ப்பவர். "நிறத்தைப் பார்க்காதீர்கள் தம்பி, காலைப் பாருங்கள்" என்றார். துண்டை ஒட்டியிருக்கும் வட்டத் தட்டைத்தான் கால் என்று சொன்னார். முதலில் கடைக்காரரிடம் கேட்டு நீல விளக்கை அணைத்து வெள்ளை விளக்கைப் போடச் செய்தார். அதுவரை பச்சையும் ஆரஞ்சுமாக ஒளிர்ந்த பல துண்டுகள் சட்டென்று மங்கின. சில வெளிறிப்போய், உள்ளிருக்கும் எலும்புக்கூடு தெரியும் அளவுக்கு இருந்தன. திசுவுக்குள் வாழ்ந்து உணவு தயாரித்துத் தரும் பாசிகளை இழந்த பவளம் அப்படித்தான் வெளிறும். நீல வெளிச்சத்தில் அது தெரியாது.

பிறகு ஸோவாந்திட் என்ற, சிறு பூக்கள் கூட்டமாக நிற்பது போன்ற பவள வகையின் இரண்டு துண்டுகளை அருகருகே வைத்து, கைப்பேசி விளக்கை அடித்துக் காட்டினார். ஒன்றில் பசை வெள்ளை உருண்டையாக அப்படியே தெரிந்தது. பூக்கள் நடுவில் ஒரு கொத்தாக நின்றன, விளிம்பு கத்தியால் நறுக்கியது போல இருந்தது. மற்றதில் பசையே கண்ணுக்குத் தெரியவில்லை. கல்லில் ஊற்றிய தோசை மாவு போல, மெல்லிய சதை தட்டு முழுவதும் பரவி விளிம்பைத் தாண்டி இறங்கியிருந்தது. அந்த விளிம்பில் மிளகு அளவுக்கு இரண்டு குட்டிப் பூக்கள். தட்டின் அடியில் இளஞ்சிவப்புச் சுண்ணாம்புப் பாசி. "இது தொட்டித் தண்ணீரில் பல மாதம் இருந்திருக்கிறது. இனி உங்கள் வீட்டிலும் இருக்கும்" என்றார். தாய்ப் பவளத்தைக் காட்டச் சொல்லிக் கேட்கும் வழக்கத்தையும் அவரிடமிருந்துதான் எடுத்துக்கொண்டேன். உண்மையாகவே வளர்ப்பவர்கள் பின்கட்டுக்கு அழைத்துப்போய்ப் பெருமையோடு காட்டுகிறார்கள்.

அன்றைக்கு அந்த ஸோவாந்திட்டை வாங்கினேன். அடுத்த ஐந்து வாரங்களில் பச்சைக் காளான் பவளம், இரண்டு தலை கொண்ட டங்கன் பவளம், தோல் பவளம் ஒன்று. அவ்வளவுதான். கிளை கிளையாக வளரும் அக்ரோபோரா பவளத்தின் பக்கம் போகவில்லை. தண்ணீரின் காரத்தன்மை சற்று ஏறி இறங்கினாலே அதன் நுனி வெந்துபோகும், புதுத் தொட்டியில் அந்த நிலைத்தன்மை இருக்காது. கிரீன் ஸ்டார் பாலிப் என்ற பச்சைப் பவளம் எளிது, மலிவு, காற்றில் புல் ஆடுவது போல ஆடும். ஆனால் பாறையில் ஒரு முறை ஏறினால் உரித்தெடுக்க முடியாது. வேண்டுமென்றால் மணலில் தனிக் கல் போட்டு அதன்மேல் வைக்கலாம். எனக்கு இடம் இல்லை.

ஸோவாந்திட் வாங்குபவர்கள் ஒன்றைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். இந்தக் குடும்பத்தில் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. கையுறையும் கண்ணைக் காக்கும் கண்ணாடியும் இல்லாமல் வெட்டக் கூடாது. அது ஒட்டிய கல்லைக் கொதிநீரில் போடவோ, வெந்நீர் ஊற்றித் தேய்க்கவோ கூடாது; அந்த ஆவியைச் சுவாசித்துக் குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். வீட்டில் குழந்தை இருப்பதால் தொட்டிக்கென்று தனி வாளி, தனித் துவாலை, தனிப் பிரஷ் வைத்திருக்கிறோம்.

வந்த துண்டு எதுவானாலும் பவளக் கழுவு மருந்தில் பத்து நிமிடம் முக்கினேன். ஸோவாந்திட்டிலிருந்து ஒரு கடல் நத்தைப்புழு விழுந்தது. ஓடு இல்லாதது, பூவின் நிறத்தையே தின்று அதே நிறமாக மாறியிருந்தது. கழுவாமல் வைத்திருந்தால் ஒரு மாதத்தில் எதுவும் மிஞ்சியிருக்காது. மருந்து முட்டையைக் கொல்லாது என்பதால் அடுத்த இரண்டு வாரங்களிலும் எடுத்துக் கழுவினேன்.

எதை எங்கே வைப்பது என்பதில் குழப்பம் இல்லை. காளான் நிழலான கீழ்ப்பகுதியில், டங்கன் மணலில், ஸோவாந்திட் நடுவில், தோல் பவளம் நீரோட்டம் படும் மேல்பகுதியில். விளக்கை மூன்றில் ஒரு பங்கு வெளிச்சத்தில் தொடங்கி வாராவாரம் கொஞ்சம் ஏற்றினேன். தோல் பவளம் மூன்றாம் நாள் சுருங்கி, மேலே மெழுகு பூசியது போல ஆகி, எட்டு நாள் அப்படியே கிடந்தது. செத்துவிட்டது என்றே நினைத்தேன். அதன் மறுநாள் அந்தப் படலம் பாம்புச் சட்டை போல உரிந்து போனது. மாலைக்குள் பூப்போன்ற பாலிப் அத்தனையும் விரிந்துவிட்டன. மற்றப் பவளங்களைத் தாக்கும் பொருட்களை அது தண்ணீரில் விடும் என்பதால் தொட்டி வடிகட்டியில் இருக்கும் கரியை மட்டும் மாதம் தவறாமல் மாற்றுகிறேன்.

ஐந்தாவதாக வாங்கியதில்தான் தவறினேன். வேறொரு கடையில் பொன்னிற நுனியோடு ஒரு சுத்தியல் பவளம். நீல விளக்கு. அன்று அவசரம், காலைப் பார்க்கவில்லை. வீட்டில் வந்து திருப்பியபோது வெட்டுவாய் உடைந்த சாக்பீஸ் போல வெள்ளையாக, ஈரம் ஆறாமல் இருந்தது. நான்காம் நாள் தலை மீது பழுப்புக் கூழ் படர்ந்தது. அழுகல் நாற்றம். மற்றவற்றுக்குப் பரவும் முன் எடுத்துவிட வேண்டியதாயிற்று. அது எங்கிருந்து வெட்டப்பட்டது என்று நான் கேட்கக்கூட இல்லை. பணம் போனதைவிட அதுதான் இன்றும் உறுத்துகிறது.

தண்ணீரைப் பொறுத்தவரை, இத்தனை சிறிய எண்ணிக்கைக்குக் காரத்தன்மையைக் கூட்டும் மருந்தும் அதைச் சொட்டும் பம்பும் தேவைப்படவில்லை. வாரம் பத்து சதவீதம் தண்ணீர் மாற்றினாலே காரத்தன்மை, அதை அளக்கும் டி.கே.எச். அலகில், 8.5 அருகில் நிற்கிறது. நைட்ரேட்டைப் பூஜ்யமாக்கப் பாடுபட்டதை மட்டும் நிறுத்தினேன்; 5 முதல் 10 பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) இருக்கும்போதுதான் காளானின் நிறம் ஏறியது.

சென்ற மாதம் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். உறைந்த மைசிஸ் என்ற குட்டி இறாலைக் கரைத்து, குழாயால் டங்கன் மீது விட்டேன். உணர்கொம்புகள் ஒவ்வொன்றாக மடங்கி இறாலை நடுவுக்குத் தள்ளின. வாய் பிளந்து வாங்கிக்கொண்டது. அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நாங்கள் கல் என்றுதானே சொன்னோம்" என்றார். பிறகு தினமும் சாயங்காலம் அதற்கு இறால் கொடுத்தாயா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

டங்கனுக்கு இப்போது ஏழு தலை. காளான் நகர்ந்தபோது பாறையில் விட்டுச்சென்ற சிறு சதைத் துணுக்கு தனிக் காளானாகிவிட்டது. அதை உடைந்த கல்துண்டுகள் நிரப்பிய கிண்ணத்தில், நீரோட்டம் படாத மூலையில் வைத்திருக்கிறேன். அலுவலக நண்பர் ஒருவர் புதிதாகத் தொட்டி வைத்திருக்கிறார், கேட்டுக்கொண்டிருக்கிறார். அது கல்லை நன்றாகப் பிடித்த பிறகுதான் தருவேன் என்று சொல்லியிருக்கிறேன்.