மாஃபி அரபியைத் தாண்டுவது எப்படி?

வளைகுடாவில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே பத்துப் பதினைந்து அரபிச் சொற்கள் தானாகக் காதில் ஒட்டிக்கொள்ளும். தஆல், ரூஹ், ஜீப், ஷீல், சவ்வி, கலாஸ், யல்லா, மாஃபி. மூன்று மாதத்தில் கடைக்காரர், டாக்ஸிக்காரர், ஃபோர்மேன் எல்லாரையும் ஒருவழியாகச் சமாளித்துவிடலாம். சிக்கல் அதற்கப்புறம்தான். பத்து வருடம் ஆனவர்களிலும் பலர் அந்த மூன்றாம் மாதத்து அரபியிலேயே நின்றுவிடுகிறார்கள். சோம்பலை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. நம் காதில் விழும் அரபியே நமக்கென்று குறுக்கி வெட்டியது. மொழியியலில் இதற்கு வளைகுடா பிட்ஜின் அரபி என்று பெயர். உள்ளூர்க்காரர்கள் தங்களுக்குள் இப்படிப் பேசுவதில்லை. நம்மிடம் மட்டும் பேசுகிறார்கள். அதனால் நாம் தப்பாகச் சொன்னாலும் யாரும் திருத்துவதில்லை.

மேலே உள்ள சொற்களை இன்னொரு முறை பாருங்கள். தஆல் என்றால் வா. ரூஹ், போ. ஜீப், கொண்டு வா. ஷீல், தூக்கு. சவ்வி, செய். அத்தனையும் ஏவல். சைட்டில் நம்மைப் பார்த்துச் சொல்லப்படுவது பெரும்பாலும் ஏவல்தான் என்பதால் வினைச்சொல் அந்த வடிவத்திலேயே மனதில் பதிகிறது. பிறகு அதற்கு முன்னால் 'அன' என்று ஒட்டி 'அன தஆல்' என்கிறோம். அரபிக்காரர் காதில் அது 'நான் வா' என்றுதான் விழும். பழகிப்போனவர் என்பதால் புரிந்துகொள்வார். ஆனால் காலம் தெரியாது. 'அன ஃபீ ரூஹ் முஸ்தஷ்ஃபா' என்று சொன்னால், நேற்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்தாயா, நாளைக்குப் போக லீவு கேட்கிறாயா என்று அவர் திரும்பக் கேட்பது இதனால்தான்.

இதிலிருந்து வெளியே வர மிகச் சுலபமான வழி, வினைச்சொல்லை விட்டுவிட்டு அதிலிருந்து பிறக்கும் பெயரைப் பிடித்துக்கொள்வது. ராயிஹ் (போகிறவன்), ஜாய் (வருகிறவன்), ஃபாஹிம் (புரிந்தவன்), ஆரிஃப் (தெரிந்தவன்), நாஸி (மறந்தவன்). தமிழ் இலக்கணத்தில் வினையாலணையும் பெயர் என்று படித்தோமே, கிட்டத்தட்ட அதுதான். நான், நீ, அவன் யாராக இருந்தாலும் சொல் மாறாது: அன ராயிஹ், இன்த ராயிஹ், ஹுவ ராயிஹ். பெண் என்றால் ராயிஹா, பலர் என்றால் ராயிஹீன். 'அன ஜாய்' என்று சொல்லும் ஆள் 'அன தஆல்' என்பவரைவிட ஒரே சொல்லில் இரண்டு படி மேலே ஏறிவிடுகிறார்.

அடுத்த படி, எட்டு வினைச்சொற்கள் போதும்: போ, வா, கொண்டு வா, எடு, செய், வேண்டும், தெரியும், சொல். ஒவ்வொன்றுக்கும் முன்னொட்டு மூன்று. நான் என்றால் 'அ', நீ என்றால் 'த', அவன் என்றால் 'ய'. அரூஹ், த்ரூஹ், யரூஹ். நடந்து முடிந்ததற்குப் பின்னால் ஒரு 'த்': ரிஹ்த், போனேன், சவூதியில் ருஹ்த். 'வேண்டும்' என்பதற்கு சவூதியில் அப்கா, குவைத், கத்தார் பக்கம் அபி. இவ்வளவைச் சரியாகச் சொன்னால், எதிரில் இருப்பவர் தன் பேச்சை நமக்காக உடைத்துக் குறுக்குவதை நிறுத்திவிடுவார். அதற்குப் பிறகு காதில் விழுவது உண்மையான அரபி.

மாஃபிக்கு வருவோம். 'ஃபீ' என்றால் இருக்கிறது, 'மா ஃபீ' என்றால் இல்லை. 'மாஃபி மாய்', தண்ணீர் இல்லை. இதில் ஒரு தவறும் கிடையாது. அதே சொல்லை எல்லா மறுப்புக்கும் போட்டு அடிக்கும்போதுதான் கெடுகிறது. தமிழில் தண்ணீர் இல்லை, தெரியாது, நல்லதல்ல, போகாதே என்று நான்கு விதமாக மறுக்கிறோம். ஒருவர் வந்து 'தண்ணீர் இல்லை, தெரிதல் இல்லை, நல்லது இல்லை, போ இல்லை' என்று பேசினால் நமக்கு எப்படி இருக்கும்? 'மாஃபி மாலூம்', 'மாஃபி ஸைன்', 'மாஃபி ரூஹ்' எல்லாம் அவர்களுக்கு அப்படித்தான் கேட்கிறது. தெரியாது என்பதற்கு 'மா அத்ரி'. நன்றாக இல்லை என்பதற்கு 'மு ஸைன்'. போகாதே என்பதற்கு 'லா த்ரூஹ்'. வினைக்கு மா, பெயருக்கும் பண்புக்கும் மு, தடைக்கு லா, இருப்புக்கு மட்டும் மாஃபி. ஒரு வாரம் இதைக் கவனித்துப் பேசினாலே நாக்குத் திருந்திவிடும்.

வீட்டு வேலைக்கும் டிரைவர் வேலைக்கும் வருகிறவர்கள் இன்னொன்றில் தவறுகிறார்கள். வீட்டு அம்மாவிடம் 'இன்த' என்கிறார்கள். பெண்ணுக்கு 'இன்தி'. எப்படி இருக்கிறீர்கள் என்பது ஆணுக்கு ஷ்லோனக், பெண்ணுக்கு ஷ்லோனிச். சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'உன் நிறம் எப்படி' என்று வரும். ஆண் ஊழியர் ஒருவர் முதலாளியிடம் அவருடைய மனைவியைக் குறிப்பிட்டு நலம் விசாரிக்காமல் இருப்பது நல்லது. 'கைஃபல் அஹ்ல்', வீட்டில் எல்லாரும் சுகமா, என்று பொதுவாகக் கேட்டால் போதும்.

உச்சரிப்பில் நம் கையைக் கட்டிப்போடுவது நம் எழுத்துதான். அரபிச் சொல்லை நோட்டில் தமிழில் எழுதி மனப்பாடம் செய்யும்போது இதயமும் நாயும் ஒன்றாகிவிடும். இரண்டுக்கும் 'கல்ப்' என்றுதான் எழுத முடியும். இதயத்தின் க தொண்டைக்குப் பின்னால், உள்நாக்கை ஒட்டிப் பிறப்பது. நாயின் க நம்முடைய சாதாரண க. 'அலம்' என்பதும் அப்படித்தான்: சாதாரண அகரத்தில் தொடங்கினால் வலி, தொண்டையை இறுக்கும் ஐன் எழுத்தில் தொடங்கினால் கொடி. நோட்டில் எழுதித்தான் ஆக வேண்டுமென்றால் இந்தத் தொண்டை எழுத்துகளுக்கு அடியில் ஒரு கோடு போட்டு வைக்கலாம். அரபுத்தமிழ் எழுதிய முன்னோர் இதே சிக்கலை எதிர்ப்பக்கமிருந்து தீர்த்தார்கள். தமிழின் ஒலிகளுக்காக அரபி எழுத்துகளில் புள்ளியும் குறியும் கூட்டிக்கொண்டார்கள்.

தமிழ்க் காதுக்கு லாபமும் உண்டு. ஹமாம் என்றால் புறா, ஹம்மாம் என்றால் குளியலறை. தரஸ படித்தான், தர்ரஸ கற்பித்தான். ஒற்று இரட்டிப்பதும் குறில் நெடில் பிரிவதும் பிறந்ததிலிருந்தே நமக்குப் பழக்கம். 'அல்' என்ற முன்னொட்டு சில எழுத்துகளுக்கு முன்னால் திரியும்: அல் நூர் எழுதினாலும் அந்நூர், அல் ஸலாம் எழுதினாலும் அஸ்ஸலாம். இருபத்தெட்டு எழுத்துகளில் திரிபவை 14, திரியாதவை 14. புணர்ச்சி விதி படித்தவர்களுக்கு இது பழைய பாடம். அஃறிணைப் பன்மையில் இன்னும் வேடிக்கை. பல மேலாளர்கள் புதியவர்கள் என்றால் 'முதரா ஜுதுத்' என்று பண்புச்சொல்லும் பன்மைக்குப் போகும். பல கார்கள் புதியவை என்றால் 'சய்யாராத் ஜதீதா', ஒருமைப் பெண்பால் போதும். 'மாடுகள் வந்தது' என்று பேசுகிற நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

எழுத்துப் படிக்க ஒரு நாளைக்கு இரண்டு என்று போனாலும் இரண்டு வாரம். அடிப்படை வடிவங்கள் குறைவு, புள்ளிதான் வேறுபடுத்தும். ஆறு எழுத்துகள் மட்டும் தனக்கு இடப்பக்கம் இருப்பதோடு ஒட்டாது. குறில் உயிர்களைப் பொதுவாக எழுதுவதில்லை என்பதால், தெரிந்த பெயர்ப் பலகைகளிலிருந்து தொடங்குவது நல்லது. பெப்ஸி பலகையில் 'பீப்ஸி' என்று இருக்கும், அதிலும் ஆங்கில B போன்ற மென்மையான ப. அரபியில் வல்லின ப கிடையாது.

எழுத்துத் தெரிந்ததும் வேர் பிடிபடும். க்-த்-ப் என்ற மூன்று மெய்யிலிருந்து கிதாப் (புத்தகம்), காதிப் (எழுத்தர்), மக்தூப் (எழுதப்பட்டது), மக்தப் (அலுவலகம்). முன்னால் 'ம' வந்தால் பெரும்பாலும் இடம்: மத்பக் சமையலறை, மஸ்னஅ தொழிற்சாலை, மக்ஸன் கிடங்கு. வாசலில் மக்ரஜ் என்று எழுதியிருப்பதும், விசாவில் வரும் 'குரூஜ் வ அவ்தா'வும் ஒரே வேர்தான்: வெளியே போ. நடு எழுத்து இரட்டித்தால் தொழில்: நஜ்ஜார் தச்சர், ஹத்தாத் கொல்லர், சப்பாக் பிளம்பர், தஹ்ஹான் பெயின்டர். இகாமாவில், அதாவது குடியிருப்பு அனுமதி அட்டையில், உங்கள் தொழில் அரபியில் என்ன என்று போட்டிருக்கிறது என்பதை நீங்களே படித்துப் பாருங்கள். ஒப்பந்தத்தில் ஒரு தொழில், அட்டையில் வேறு தொழில் என்பது தெரியாமலே வருடங்களை ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

தமிழுக்கு வந்து சேர்ந்த அரபிச் சொற்கள் உதவும், காலையும் வாரும். அசல், பாக்கி, ஆஜர் மூன்றும் அப்படியே நிற்கின்றன. மேலாளர் கூப்பிட்டால் 'ஹாளிர்' என்று சொல்வது மரியாதையான பதில். ஆனால் நமக்கு நகல் என்றால் பிரதி, அங்கே 'நக்ல்' என்றால் இடமாற்றம். இகாமாவின் நகல் வேண்டும் என்ற எண்ணத்தில் அலுவலகத்தில் 'நக்ல் இகாமா' என்று கேட்டால், கஃபீலை (பொறுப்பேற்ற முதலாளியை) மாற்றப் பார்க்கிறாயா என்று முகம் மாறும். பிரதிக்கு 'ஸூரா'. வக்கீல் அங்கே முகவர், வழக்கறிஞர் 'முஹாமி'. நம் தகராறு அங்கே தக்ரார், திரும்பச் சொல்வது மட்டுமே.

எண்ணில் தவறினால் காசு போகும். இருபத்தைந்து என்பதை 'கம்ஸ வ இஷ்ரீன்', ஐந்தும் இருபதும், என்கிறார்கள். காதில் விழுந்த வரிசையில் எழுதினால் 52 ஆகிவிடும். முதல் எண் விழுந்ததும் பேனாவை வைக்காதீர்கள், இரண்டாவது வரட்டும். பதினைந்து கம்ஸ்தஅஷ், ஐம்பது கம்ஸீன். கடைசி அசைதான் வித்தியாசம். ஏழும் ஒன்பதும், ஸப்அ, திஸ்அ, போனில் ஒன்றுபோலவே கேட்கும். எழுபதா தொண்ணூறா என்று சந்தேகம் வந்தால் கூச்சப்படாமல் எண்ணை எழுதிக் காட்டச் சொல்லலாம். எழுதினாலும் கவனம் வேண்டும்: அரபி எண்ணில் பூஜ்யம் வெறும் புள்ளி, வட்டமாக இருப்பது ஐந்து, நம் ஏழைப் போல இருப்பது ஆறு. மொழி வலமிருந்து இடமாக ஓடினாலும் எண்ணின் இலக்கங்கள் இடமிருந்து வலம்தான். தேதியை மட்டும் வலப்பக்கத்து நாளிலிருந்து படிக்க வேண்டும். இரண்டு என்பதற்குத் தனி எண் தேவையில்லை; சொல்லின் வாலில் 'ஐன்': யோமைன் இரண்டு நாள், ஷஹ்ரைன் இரண்டு மாதம். சம்பளம் எத்தனை மாதம் தள்ளிப்போகிறது என்பது அந்த வாலில்தான் இருக்கும்.

வேலையில் இருப்பவரைக் கடந்து போகும்போது 'யஅதீக்கல் ஆஃபியா' என்று சொல்வார்கள்; இறைவன் உனக்கு வலுவைத் தரட்டும் என்று பொருள். பதில் 'அல்லாஹ் யஆஃபீக்'. இதற்கு ஷுக்ரன் என்று மட்டும் சொன்னால் தவறில்லை, கொஞ்சம் மொட்டையாக இருக்கும். ஸபாஹல் கைர் என்றால் ஸபாஹன் நூர், மப்ரூக் என்றால் அல்லாஹ் யிபாரிக் ஃபீக் என்று ஒவ்வொன்றுக்கும் ஜோடி உண்டு, ஜோடியாகவே படிக்க வேண்டும். 2015-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய அரபிக் காப்பி வந்தால் வலக்கையால் வாங்க வேண்டும். ஃபின்ஜானில் அடியில் கொஞ்சம்தான் ஊற்றுவார்கள், அது கஞ்சத்தனமில்லை. போதும் என்றால் கோப்பையை லேசாக ஆட்டித் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆட்டாதவரை ஊற்றிக்கொண்டே இருப்பார்கள்.

சவூதியில் 'அப்ஷிர்', கவலை வேண்டாம், ஆகட்டும், என்று ஒருவர் சொன்னால் பெரும்பாலும் காரியம் நடக்கும். உள்துறை அமைச்சகத்தின் இணையச் சேவைக்கே அந்தப் பெயர்தான். 'புக்ரா இன்ஷா அல்லாஹ்', இறைவன் நாடினால் நாளை, என்பதில் பக்தியும் உண்டு, உறுதியும் உண்டு, நழுவலும் உண்டு. தொனியை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் பணிவாக 'அய் யோம்?', எந்த நாள், என்று கேட்கலாம். அதற்கும் இன்ஷா அல்லாஹ் என்றே பதில் வந்தால் நேராகக் கணக்கரிடம் போங்கள். அவர் எகிப்துக்காரராக இருந்தால் எப்போது என்பதற்கு 'மதா' வேண்டாம், 'இம்தா' என்று கேட்க வேண்டும்.