கை தொடைக்கற துண்டுக்கு இவ்ளோ வேலைப்பாடா!

இஸ்தான்புல் போற நம்ம ஆளுங்க ஹகியா சோபியா, நீல மசூதி, கிராண்ட் பஜார்ல ரெண்டு கலர் விளக்குன்னு முடிச்சுட்டு ஏர்போர்ட்டுக்கு கிளம்பிடறாங்க. பாஸ்பரஸ் ஜலசந்தி கரையோரமாவே பஸ்ல வடக்க போனா புயுக்தெரேன்னு ஒரு ஊர் வரும், அங்க ஒரு பழைய மர மாளிகையில சத்பெர்க் ஹானம் மியூசியம் இருக்கு. 1980ல திறந்தது, துருக்கியோட முதல் பிரைவேட் மியூசியம். நான் போனது அங்க இருக்கற ஆட்டோமான் காலத்து எம்பிராய்டரிக்காக மட்டும்தான்.

சுல்தான் போட்ட அங்கியெல்லாம் எனக்கு அவ்வளவா வேணாம்ங்க, எனக்கு புடிச்சது வீட்டு சாமான்தான். கை தொடைக்கற துண்டு, சாப்பிடறப்ப மடியில போட்டுக்கற பெஷ்கிர், பஞ்சுப் போர்வை உறை, குளிக்கப் போறப்ப துணிமணி மூட்டை கட்டிக்கற போச்சா. பெஷ்கிர் நீள லினன் துணி, நடுவுல வெறும் வெள்ளை, ரெண்டு முனையில மட்டும் பட்டு நூல்ல பூப்பூவா கார்னேஷன், டியூலிப், சைப்ரஸ் மரம், 19ம் நூற்றாண்டு வந்ததும் குட்டி குட்டி வீடு, மசூதி, படகுன்னு எல்லாம் ஏறிடுது. கண்ணாடியில மூக்கு ஒட்டற அளவுக்கு கிட்ட போய் பாத்தா, இழையை எண்ணி எண்ணி ஊசி போட்டிருக்காங்கன்னு புரியுது, இலை நரம்புல தட்டையான வெள்ளி இழை வேற. கல்யாணச் சீருக்குன்னு சின்ன வயசுலயே பொண்ணுங்க தைக்க ஆரம்பிச்சதுதான் இதுல நிறைய.

இதுக்கு முந்தின நாள் பஜார்ல ஒரு பழைய துணிக்கடை தாத்தா ஒரு துண்டை என் கையில குடுத்து, "எது முன்பக்கம், சொல்லும்மா"ன்னார். திருப்பி திருப்பி பாத்தேன், ரெண்டு பக்கமும் ஒண்ணுதான், முடிச்சு இல்ல, நூல் முனைகூட வெளிய தெரியல. துண்டுன்னா புரளத்தானே செய்யும், விருந்தாளி எந்தப் பக்கம் பாத்தாலும் பூ தெரியணும்ல. நம்ம கர்நாடகா தார்வாட் பக்கத்து கசூத்தி எம்பிராய்டரியில வர்ற கவந்தி தையலும் இப்படித்தான். விலை கேட்டேன், மரியாதையா திருப்பி வச்சுட்டேன்.

ஆனா என் ஓட்டு 17ம் நூற்றாண்டு பஞ்சுப் போர்வை உறைக்குத்தான். தறி அகலம் கம்மிங்கறதால துணியைத் தனித்தனி துண்டா எம்பிராய்டரி பண்ணி அப்புறம்தான் ஜாயிண்ட் போடுவாங்க, அதனால தையல் ஓடற இடத்துல பாதி டியூலிப் இங்க, மீதி பாதி ஒரு விரல் தள்ளி அங்க. மெஷின் வேலையில இந்த அழகு வராது. 1856க்கு அப்புறம் கெமிக்கல் சாயம் வந்ததும் சிலதுல ஊதாவும் பிங்க்கும் கண்ணைக் குத்துது, அதையெல்லாம் வேகமா தாண்டிட்டேன்.

பிரிட்டிஷ் தூதரோட மனைவி லேடி மேரி 1718ல சுல்தான் முஸ்தபாவோட விதவை வீட்டுல விருந்து சாப்பிட்டுட்டு லெட்டர் எழுதியிருக்காங்க, பட்டும் ஜரிகையும் போட்ட நாப்கின்ல கை தொடைக்கவே மனசு வரல, சாப்பாடு முடியறதுக்குள்ள எல்லாம் பாழாயிடுச்சுன்னு. நானா இருந்தா பேசாம துப்பட்டாவுலயே தொடைச்சிருப்பேன்.

போறவங்க ஓப்பனான்னு செக் பண்ணிட்டு போங்க, நான் போனப்ப புதன்கிழமை லீவு. திரும்பி வர்றப்ப சாயங்கால டிராஃபிக்ல மாட்டாதீங்க, கரையோர ரோடு நகரவே நகராது.