முன்கண்ணாடிக்கு ஒரு வெள்ளித்திரை

வெயிலில் நிறுத்தியிருந்த காரில் ஏறி, ஸ்டீயரிங்கைத் தொட்ட கையை உதறிக்கொண்ட நாளில்தான் முன்கண்ணாடிக்கு ஒரு வெயில் மறைப்பு வாங்கினேன். கண்ணாடி வழியே நுழையும் ஒளியை டாஷ்போர்டும் இருக்கைகளும் உறிஞ்சி வெப்பமாக உமிழ்கின்றன. அந்த வெப்பக் கதிர்களைக் கண்ணாடி எளிதில் வெளியே விடுவதில்லை. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், கோடை வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற கார்களின் உள்காற்று சராசரியாக 47 டிகிரி செல்சியஸாக இருக்க, டாஷ்போர்டோ 69 டிகிரியை எட்டியிருந்தது. ஆகவே பளபளக்கும் பக்கம் வெளியே பார்க்குமாறு மறைப்பைக் கண்ணாடியோடு ஒட்டவைத்து, சன்வைசர்களை இறக்கி அழுத்திவிடுகிறேன். பின்னால் வருவதைக் காட்டும் உள்கண்ணாடியைச் சுற்றி விழும் இடைவெளிதான் இன்னும் தொல்லை, அதன் வழியே வரும் விரற்கடை வெயில் சரியாகக் கியர் குமிழின் மேல் வந்து உட்காருகிறது. பக்கக் கண்ணாடிகளுக்கு மறைப்பில்லாததால் காற்று எப்படியும் சூடேறும். கிளம்புமுன் கதவுகளைச் சற்றுத் திறந்து வைக்கத்தான் வேண்டியிருக்கிறது.