வண்டியை எடுக்காமல் வந்துவிட்டேன்

“செக் பண்ணிட்டோம் சார், வண்டி நல்லா இருக்கு” என்றார் சர்வீஸ் அட்வைசர்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே என்ஜின் அணைந்து, பின்னால் லாரி ஹாரன் அடிக்க, கனத்துப்போன ஸ்டீயரிங்கை இழுத்துப் பிடித்து ஓரங்கட்டிய வண்டி அது.

புகாரைக் குறித்துக்கொள்ளும் ஜாப் கார்டைப் பார்த்தேன். நான் விலாவாரியாகச் சொன்னதெல்லாம் “ஜெனரல் செக்கப்” என்று சுருங்கிக் கிடந்தது.

வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறைப் படிக்கும் ஸ்கேனர் போட்டீர்களா?

“எரர் கோட் ஒண்ணு இருந்துச்சு சார், அழிச்சிட்டோம்.”

என்ன கோட் என்று எழுதி வைத்தீர்களா? இல்லை.

அங்கேதான் கோபம் வந்தது. கோளாறு பதிவாகும்போது என்ஜின் எந்த ஆர்பிஎம்மில் ஓடியது, எவ்வளவு சூடு, என்ன வேகம் என்பதையெல்லாம் வண்டியின் கம்ப்யூட்டர் ‘ஃப்ரீஸ் ஃப்ரேம்’ என்று சேமித்து வைக்கிறது, எரர் கோடை அழித்தால் அதுவும் சேர்ந்தே போய்விடும். என்ஜின் சுழல்வதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சார் பழுதானாலும் வண்டி இப்படி அணையலாம்; அது சில நேரம் சூடேறும்போது மட்டும் மக்கர் பண்ணும், ஆறினதும் ஒழுங்காக வேலை செய்யும். குளிர்ந்த என்ஜினோடு வளாகத்துக்குள் ஒரு சுற்று ஓட்டிவிட்டு நல்லா இருக்கு என்றால் எப்படி?

கண்டுபிடிக்க முடியவில்லை என்று சொல்லியிருந்தால்கூட ஏற்றுக்கொண்டிருப்பேன். விட்டு விட்டு வரும் கோளாறைப் பிடிப்பது கைதேர்ந்த மெக்கானிக்குக்கும் கஷ்டம்தான். இருந்த ஒரே தடயத்தையும் அழித்துவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல் பேசுவதைத்தான் தாங்க முடியவில்லை.

புகாரை நான் சொன்ன வார்த்தைகளிலேயே எழுத வைத்தேன். என்ஜின் நன்றாகச் சூடாகும்வரை மெக்கானிக் என்னோடு வந்து ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறேன். மேனேஜர் கூப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

சர்வீஸுக்கு விடுகிறவர்கள், எரர் கோடை அழிக்கும் முன் அந்த ஸ்கேனர் திரையை ஒரு போட்டோ எடுத்துத் தரச் சொல்லுங்கள்.